திரியும் மின்பொறியும்

ராக்கெட்டுகளின் சரித்திரத்தை எழுதுவோர், அவை எவ்வளவு உயரம் சென்றன, எவ்வளவு பாரம் சுமந்தன என்பவற்றையே பெரும்பாலும் விரித்துரைக்கின்றனர். அவற்றைப் பற்றவைத்தவர் யார், எதைக்கொண்டு பற்றவைத்தார், பற்றவைத்த பின் அவர் பத்திரமாகத் திரும்பினாரா என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் ராக்கெட்டுத் துறையில் பல உயிர்களைக் காத்ததும், பல உயிர்களைப் பலி கொண்டதும் இந்தச் சிறு பொருள்தான். விரல் நீளமேயுள்ள தீமூட்டி எவ்வாறு தோன்றி எவ்வாறு வளர்ந்தது என்பதையும், இன்று பெரிய பொழுதுபோக்கு ராக்கெட்டுகளை ஏவுவோர் அதை எந்த முறையில் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதையும் மாணவ நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'நம்பத்தக்க தீமூட்டி' என்றால் என்ன? கட்டளையிட்டதும் பற்றவேண்டும் என்று உடனே விடை சொல்வீர்கள். அது பாதி விடையே. கட்டளையிடாத வரையில் பற்றாமல் இருக்கவேண்டும் என்பது மற்றப் பாதி. இவ்விரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும். எளிதில் பற்றுவது, வேண்டாத வேளையிலும் எளிதில் பற்றிவிடும். எளிதில் பற்றாதது, வேண்டிய வேளையில் ஏமாற்றிவிடும். இவ்விரண்டையும் இணங்கச் செய்வதற்கு மனிதன் பட்ட பாடே தீமூட்டியின் சரித்திரம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனர்கள் வெடிமருந்தடைத்த வாணங்களைப் போரில் பயன்படுத்தினர். அவற்றைப் பற்றவைத்தது கையும் கொள்ளியுமே. வான் ஹூ என்னும் சீன அதிகாரியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் ஒரு நாற்காலியில் 47 வாணங்களைக் கட்டி, 47 பணியாட்களை ஒரே சமயத்தில் தீ வைக்கச் சொன்னாராம். பேரோசை எழுந்தது, புகை கலைந்தபின் நாற்காலியையும் காணவில்லை, அமர்ந்திருந்தவரையும் காணவில்லை. இது கதையேயன்றிச் சரித்திரமன்று. ஆனாலும் பல வாணங்களை ஒரே கணத்தில் பற்றவைப்பது எவ்வளவு அரிது என்ற உண்மை இக்கதைக்குள் பொதிந்து கிடக்கிறது. அந்த உண்மைக்குப் பிறகு வருவோம்.

நம் நாட்டில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் மருந்தடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டிய வாணங்களைப் படையில் வைத்திருந்தனர். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சீபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தது. அன்று அப்படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதற்கு மைசூர் வாணங்களே காரணம் எனப் பலர் எழுதியுள்ளனர். மைசூர் வாணங்களைக் கண்டு வியந்த ஆங்கிலேயர், அவற்றின் மாதிரிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைத் திருத்தியமைத்தார். 1806இல் பூலோன் துறைமுகத்தின் மீதும், 1807இல் கோபன்ஹேகன் நகரின் மீதும் காங்கிரீவ் ராக்கெட்டுகள் பாய்ந்தன. குழாய் மாறியது, மருந்தின் கலவை மாறியது, எட்டும் தூரமும் பெருகியது. மாறாதிருந்தது ஒன்றே: தீ வைக்கும் மனிதன் ராக்கெட்டின் அருகிலேயே நிற்க வேண்டியிருந்தான்.

திரியின் குற்றங்கள் இரண்டு. பற்றிய திரியைத் திரும்ப அழைக்க முடியாது என்பது முதற்குற்றம். வானில் ஒரு பறவைக் கூட்டம் வந்தாலும், ஏவுமிடத்திற்குள் ஒரு குழந்தை ஓடி வந்தாலும் அது நிற்காது. அணைந்தது போலத் தோன்றும் திரி உள்ளே கனன்று கொண்டிருக்கலாம் என்பது இரண்டாவது குற்றம். 'அணைந்துவிட்டது' என்று நம்பிக் குனிந்து பார்த்த முகங்கள் எத்தனை கருகின என்பதற்குக் கணக்கில்லை.

இந்தத் துன்பத்தைப் போர்க்களத்தைவிட அதிகமாக அனுபவித்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். பாறையைப் பிளக்க மருந்தடைத்து, வைக்கோல் தாளிலும் நாணற்குழலிலும் பொடியிட்டுத் திரி செய்தனர். அத்திரி ஒரு நாள் மெல்ல எரியும். மறுநாள் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து முடியும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்த வில்லியம் பிக்ஃபோர்டு, அதைக் கண்டு மனம் நொந்தார். அவர் சுரங்கத் தொழிலாளியும் அல்லர், பொறியியல் அறிஞரும் அல்லர், தோல் வியாபாரி. கயிறு திரிக்கும் முறையைக் கண்டு, முறுக்கும் சணல் இழைகளின் நடுவே வெடிமருந்துப் பொடியைச் சீராக ஒழுகவிட்டு, மேலே நீர்காப்புப் பூச்சுமிட்டு, 1831இல் தம் 'காப்புத்திரி'க்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அடி நீளம் எரிய ஏறக்குறைய 30 விநாடி என்று அதன் வேகத்தை அளவிட்டுச் சொல்ல முடிந்தது. முதற்குற்றம் நீங்கவில்லை, ஆனால் தீ வைத்தவன் விலகிச் செல்ல எவ்வளவு நேரம் உண்டு என்பது முதன்முறையாக ஒரு கணக்காயிற்று.

அதே காலத்தில் மின்சாரம் வேறொரு வழியைத் திறந்துகொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்பொறியால் வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டியிருந்தார். 1830களில் ஃபிலடெல்ஃபியா நகரின் ரசாயன ஆசிரியர் ராபர்ட் ஹேர், பொறிக்குப் பதிலாக மெல்லிய கம்பியொன்றை மின்னோட்டத்தால் பழுக்கக் காய்ச்சி மருந்தைப் பற்றவைத்தார். கம்பியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் கம்பியின் தடைக்கும் ஏற்பப் பெருகும் என்னும் விதியை ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்டார். 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். நிக்ரோம் என்று நாம் வழங்கும் இக்கம்பியின் தடை, அதே அளவுள்ள செப்புக் கம்பியின் தடையைப் போல அறுபது மடங்குக்கு மேலாகும். செந்தழலாகக் காய்ந்தாலும் எளிதில் உருகாது. நம் வீட்டு மின்னடுப்பில் சிவந்து ஒளிர்வதும் இந்த இனத்துக் கம்பியே. சமையலறைக்கு வந்த அதே கம்பி, பின்னர் ராக்கெட்டின் வாயிலும் புகுந்தது.

ஆனால் அறிவியல் அறிந்தவர்கள்கூட உடனே கொள்ளியை விட்டுவிடவில்லை. 1926ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், அமெரிக்காவில் ஆபர்ன் என்னும் ஊரின் பண்ணையொன்றில், ராபர்ட் காடர்டு உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். அது 41 அடி உயரம் எழுந்து, இரண்டரை விநாடியில் 184 அடி தள்ளி விழுந்தது. அதற்குத் தீ வைத்த முறை யாது? அவருடைய உதவியாளர் ஹென்றி சாக்ஸ், நீண்ட கோலின் நுனியில் ஊதுவிளக்கைக் கட்டி, ராக்கெட்டின் தலைப்பகுதியில் இருந்த தீமூட்டியைப் பற்றவைத்தார். விண்வெளி யுகத்தின் வாசலிலும் மனிதனுக்கும் தீக்கும் இடையே இருந்தது ஒரு கோலின் நீளமே.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் வி-2 ராக்கெட்டு, எரியறைக்குள் சுழலும் மத்தாப்பு போன்ற ஒரு தீமூட்டியைக் கொண்டு பற்றவைக்கப்பட்டது. எரிபொருள் முதலில் மெல்ல ஒழுகிப் பற்றியது. தழல் சீராக இருப்பதைக் கண்ட பின்னரே முழுவேகத்திற்குக் கட்டளையிட்டனர். 'பற்றியதா என்று பார். பிறகு மேலே செல்' என்னும் பாடம் இங்கே பிறந்தது.

இனி நம் கதையின் முக்கியமான கட்டத்திற்கு வருவோம். 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் சுழன்றது. அமெரிக்கச் சிறுவர்களிடையே ராக்கெட்டு ஆசை காட்டுத்தீயைப் போலப் பரவியது. ஆசிரியரின் துணையின்றி, தீக்குச்சித் தலைகளையும் துத்தநாகப் பொடியையும் கந்தகத்தையும் குழாய்களில் திணித்தனர். கைகளை இழந்தனர், கண்களை இழந்தனர், சிலர் உயிரையே இழந்தனர். இளைஞரின் ஆர்வத்தைத் தடுத்துவிடுவதா, அல்லது அதற்கு ஒரு நல்வழி காட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. எந்தக் காலத்திலும் ஆசிரியர் முன் நிற்கும் கேள்வி இதுவே.

விடை கண்டவர்கள் இருவர். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்னும் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், 1954இல் காகிதக் குழலாலும் இலேசான மரத்தாலும் ஆன சிறு ராக்கெட்டைச் செய்தார். அதன் மருந்து, தொழிற்சாலையில் முன்கூட்டியே அடைத்த குப்பி. அது மேலே சென்றதும் குடை விரித்துப் பத்திரமாக இறங்கும். 1957இன் தொடக்கத்தில், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன், ராக்கெட்டுத் தொழிலின் பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் அவருக்குக் கடிதம் எழுதித் தம் ராக்கெட்டுகளையும் அனுப்பினார். பெரிய தளத்தில் பழகிய ஒழுங்குமுறையைச் சிறுவரின் விளையாட்டிலும் புகுத்தலாம் என்று ஸ்டைன் கண்டார். அவ்வாண்டே மாதிரி ராக்கெட்டுக்காரர்களின் சங்கமும் உருவாயிற்று. பாதுகாப்பு விதிகளும் எழுந்தன.

அவ்விதிகளின் உயிர்நாடி, திரியை விலக்கி மின்சாரத்தை ஏற்றதே. ராக்கெட்டை மின்சாரத்தாலேயே, தொலைவிலிருந்தே ஏவவேண்டும். சிறிய ராக்கெட்டானால் 15 அடி, சற்றுப் பெரியதானால் 30 அடி விலகி நிற்கவேண்டும். சுற்றில் ஒரு காப்புச்சாவி இருக்கவேண்டும். அது ஏவுபவரின் கையில் இருக்கும் வரை ஏவுதளத்தில் மின்சாரம் பாயாது. பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் சுற்று தானே அறுந்துபோகவேண்டும். திரியின் முதற்குற்றம் இங்கே நீங்கிற்று. பொத்தானை அழுத்தும் கணம் வரையில் கட்டளையைத் திரும்பப் பெற முடியும். குழந்தை ஓடி வந்தால் விரல் நின்றுவிடும். அந்த ஒரு கண நேரமே நான் இங்கே சொல்லவந்த பெரிய வெற்றி.

காலப்போக்கில் இந்த விளையாட்டுப் பெரிதாயிற்று. அமெரிக்காவில் மாதிரிச் சங்கமும், டிரிப்போலி என்னும் மற்றொரு சங்கமும், தேர்வு வைத்து மூன்று படிகளில் சான்று வழங்கி, வளர்ந்தவர்கள் பெரிய ராக்கெட்டுகளை ஏவ வழி செய்தன. மருந்தின் மொத்த உந்துவிசை ஒரு படிக்கு மறுபடி இரட்டிப்பாகுமாறு எழுத்துக்களால் வகுக்கப்பட்டுள்ளது. 160 நியூட்டன்-விநாடிக்கு மேற்பட்ட எச் வகையிலிருந்து பெரும்பாலும் 'உயர்சக்தி' எனப்படும். எச் வகைக்கு 100 அடி, எம் வகைக்கு 500 அடி விலகி நிற்கவேண்டும் என்பது விதி.

இங்கே தீமூட்டியைத் தேர்ந்தெடுப்பது ஒரு தனிக்கலையாகிவிடுகிறது. விதிமுறைப்படி இதைச் செய்வோர் தம்மைத் தாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கின்றனர்.

முதற்கேள்வி: எரியவேண்டிய மருந்து எது? சிறு ராக்கெட்டுகளில் உள்ள கரிமருந்து மிக எளிதில் பற்றும்; வாயில் செருகிய சூடான கம்பியே போதும். உயர்சக்தி ராக்கெட்டுகளில் உள்ளதோ, அம்மோனியம் பெர்குளோரேட்டையும் ரப்பர் போன்ற பசையையும் கலந்து உறையச் செய்த கூட்டுமருந்து. அது சோம்பேறி மாணவனைப் போன்றது. ஒரு முறை தட்டினால் எழாது. அதற்குச் சூடு மட்டும் போதாது, அழுத்தமும் வேண்டும். அழுத்தம் பெருகப் பெருகத்தான் அது வேகமாக எரியும். ஆகவே தீமூட்டி சிறிதாயிருந்தால், மருந்து ஒரு முறை 'புஸ்' என்று புகைந்து, தீமூட்டியை வெளியே துப்பிவிட்டு அடங்கிவிடும். தீமூட்டி அளவுக்கு மீறிப் பெரிதாயிருந்தால், அழுத்தம் திடீரென்று ஏறிக் குழாயே பிளக்கலாம்.

இரண்டாவது கேள்வி: தீமூட்டி எங்கே இருக்கவேண்டும்? கூட்டுமருந்தின் நடுவே நெடுகத் துளை உண்டு. தீமூட்டி அத்துளையின் உச்சியைத் தொடவேண்டும். அங்கே பற்றினால் தழல் கீழ்நோக்கி ஓடி, துளைச்சுவர் முழுவதையும் நக்கி, அழுத்தத்தைச் சீராக ஏற்றும். பாதி வழியில் நின்றால் கீழ்ப்பகுதி மட்டும் பற்றி, தீமூட்டி வெளியே எறியப்படும். எனவே துளையின் நீளத்தை முன்பே அளந்து, கம்பியில் அடையாளமிட்டுச் செருகுகின்றனர். இதைச் செய்யாமையாலேயே பல ராக்கெட்டுகள் தளத்தை விட்டு எழாமல் நின்றன.

மூன்றாவது கேள்வி: மின்சாரம் எவ்வளவு கிடைக்கும்? இதை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். 12 வோல்ட் மின்கல அடுக்கொன்று இருக்கிறது. தீமூட்டியின் தடை 1 ஓம். அருகில் இணைத்தால், அடுக்கின் உள்தடையைக் கருதாவிடில், 12 ஆம்பியர் பாயும். இப்போது 500 அடி விலகி நிற்கிறோம். போக 500, வர 500, ஆக 1,000 அடிக் கம்பி. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பியானால், அதன் தடை மட்டும் 6 ஓமுக்கு மேலாகும். மொத்தத் தடை 7 ஓமைத் தாண்டும். பாயும் மின்சாரம் 2 ஆம்பியருக்கும் குறைந்துவிடும். அருகில் வைத்துச் சோதித்தபோது பளீரென்று பற்றிய தீமூட்டி, களத்தில் பற்றாமல் போனதன் காரணம் இதுவே. குற்றம் தீமூட்டியினுடையதன்று, கம்பியினுடையது. பரிகாரம் பழையது: ஜோசப் ஹென்றி 1835இல் அமைத்த 'ரிலே' என்னும் காந்த விசைக் கருவி. பெரிய மின்கல அடுக்கை ஏவுதளத்தின் அருகிலேயே வைத்து, தொலைவிலிருந்து ரிலேயை மட்டும் சிறு மின்சாரத்தால் இயக்குகின்றனர்.

நான்காவது கேள்வி: அது வேண்டாதபோது பற்றாமலிருக்குமா? ஏவுபெட்டிகளில் சுற்று அறாமல் இருக்கிறதா என்று காட்ட ஒரு சிறு விளக்கு உண்டு. அவ்விளக்கு எரிவதற்காகச் சிறிது மின்சாரம் தீமூட்டியின் வழியாகவும் ஓடும். வெறும் நிக்ரோம் கம்பிக்கு அது பொருட்டன்று. ஆனால் வாணவேடிக்கைத் தொழிலிலிருந்து வந்த மின்தீக்குச்சி, ஓர் ஆம்பியருக்குக் குறைந்த மின்சாரத்திலேயே பற்றக்கூடியது. பழைய பெட்டியின் விளக்கு மின்சாரமே அதைப் பற்றவைத்துவிடலாம். சோதிக்க முயன்ற கையே ஏவிவிடும்! ஆகவே தீமூட்டியையும் ஏவுபெட்டியையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தல் தவறு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மேலும், ராக்கெட்டை ஏவுதண்டில் வான்நோக்கி நிமிர்த்தி, மற்றவர்களை விலக்கிய பின்னரே தீமூட்டியைச் செருகுகின்றனர். இணைக்கும் முன், மின்முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பொறி எழவில்லை என்று உறுதி செய்துகொள்கின்றனர்.

முன்னர் ஒத்திவைத்த வான் ஹூவின் 47 வாணங்களுக்கு இப்போது வருவோம். பல எஞ்சின்களை ஒருங்கே பற்றவைக்கும்போது ஒன்று பற்றாவிடில், ராக்கெட்டு ஒருபுறம் சாயும். எனவே தீமூட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்காமல் பக்க இணைப்பாகத் தொடுப்பர்; ஒன்று முறிந்தாலும் மற்றவை மின்சாரம் பெறும். ஆயினும் ஒன்று பற்றாமற்போகும் அபாயம் அடியோடு நீங்குவதில்லை. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. 2001ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு ஏவப்பட இருந்தது. அதன் நடுவில் திட மருந்துப் பகுதி. சுற்றிலும் நான்கு திரவ எஞ்சின்கள். திட மருந்து ஒரு முறை பற்றினால் அணைக்க முடியாது. திரவ எஞ்சினை நிறுத்த முடியும். ஆகவே திரவ எஞ்சின்களைச் சில விநாடிகள் முன்னதாகப் பற்றவைத்து, கணிப்பொறி அவற்றைச் சோதித்த பிறகே திட மருந்துக்குத் தீ வைக்குமாறு அமைத்திருந்தனர். அன்று நான்கில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. கணிப்பொறி அனைத்தையும் நிறுத்திற்று. ராக்கெட்டு தளத்திலேயே நின்றது. அதே ராக்கெட்டு ஏப்ரல் 18ஆம் நாள் வானில் எழுந்தது. அணைக்கக்கூடியதை முதலில் ஏற்று. அணைக்க முடியாததை இறுதியில் ஏற்று. இந்த ஒழுங்குதான் அன்று ராக்கெட்டைக் காத்தது.

இறுதியாக, திரியின் இரண்டாவது குற்றம். அணைந்தது போலத் தோன்றி உயிரோடிருக்கும் தீ, மின்சாரம் வந்தபின்னும் முற்றும் நீங்கவில்லை. பொத்தானை அழுத்தியும் ராக்கெட்டு எழாவிட்டால், உள்ளே மருந்து மெல்லக் கனன்றுகொண்டிருக்கலாம். இதற்கு எந்தக் கருவியும் முழு மருந்தன்று. மனித ஒழுக்கமே மருந்து. காப்புச்சாவியை எடுத்துவிடவேண்டும், அல்லது மின்கலத்தின் இணைப்பை நீக்கிவிடவேண்டும். பிறகு மாதிரி ராக்கெட்டானால் ஒரு முழு நிமிடம் எவரும் அருகே செல்லலாகாது. பெரிய ராக்கெட்டுகளுக்கும் இத்தகைய காத்திருப்பு விதி உண்டு. 60 விநாடி! கைகட்டி நிற்கும்போது அது ஒரு யுகம் போலத் தோன்றும். 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய நிமிடங்களை எண்ணித்தான் போலும்.

மாணவர்களே, இவற்றைக் கேட்டு உங்களில் ஒருவர், வாணத்து மருந்தைப் பிரித்துத் தாமே ராக்கெட்டு செய்ய நினைக்கக்கூடும். அது 1957இல் அமெரிக்கச் சிறுவர்கள் சென்ற வழி. அதன் முடிவை மேலே சொன்னேன். நம் நாட்டில் உரிமமின்றி வெடிமருந்து செய்வது சட்டப்படியும் குற்றமாகும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மருந்தில்லாமலே கற்கக்கூடியது மிகுதி. ஒரு மின்கலம், ஒரு கைவிளக்குப் பல்பு, மெல்லிய கம்பி ஒரு சுருள் ஆகியவற்றை ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். கம்பியின் நீளம் கூடக்கூடப் பல்பின் ஒளி எவ்வாறு மங்குகிறது என்று அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 500 அடிக்கு அப்பால் நிற்கும் ராக்கெட்டு எழுமா, எழாதா என்பதற்கு விடை அக்குறிப்பிலேயே கிடைக்கும். கணக்குச் சரியாக வந்த பின்னரே ஏவுபவரின் விரல் பொத்தானுக்குச் செல்லவேண்டும்.